பேராமையின் துடுப்பில் ஒரு தகடு: வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் படுகையின் கடலோர ஊர்களிலிருந்து கடலாமைகளைப் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு உள்ளது. மாசி மாதத்தில், கரைக்கு அருகே கடல்தாழை (கடற்புல்) மண்டிய பகுதியில் என் தந்தையார் விட்டிருந்த நண்டு வலையில் ஒரு பேராமை (பச்சைக் கடலாமை) சிக்கியது. அதன் முன் துடுப்பின் பின்விளிம்பில் பாசி படிந்த உலோகத் தகடு ஒன்று இருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்ததில் சில எண்கள் மட்டும் தெரிந்தன. வம்பு எதற்கு என்று தந்தையார் வலையை அறுத்து ஆமையை விட்டுவிட்டார். அந்தத் தகடு என்ன? அதைக் கழற்றி எடுத்து வந்திருக்க வேண்டுமா? இதை வெளியே சொன்னால் எங்கள் மீது வழக்கு வருமா?
– ஒரு மீனவர் மகன், அதிராம்பட்டினம்

பதில்: வலை போனால் போகட்டும் என்று தங்கள் தந்தையார் அதை அறுத்து ஆமையை உயிரோடு விட்டது மிகச் சரியான செயல். அவருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். வழக்கைப் பற்றிய அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம் நாட்டுக் கடல்களில் வாழும் ஐந்து வகைக் கடலாமைகளும் இடம்பெற்றுள்ளன. ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும், அதன் இறைச்சியையோ முட்டையையோ ஓட்டையோ விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். நண்டுக்காக விட்ட வலையில் தானாக வந்து சிக்கிய ஆமையை அந்த இடத்திலேயே விடுவித்தவர், சட்டம் எதை விரும்புகிறதோ அதையே செய்திருக்கிறார். தஞ்சாவூர் மாவட்டக் கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடற்பசுவை) விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பணமுடிப்பு அளித்திருப்பது தங்கள் பகுதியில் பலரும் அறிந்ததுதான்.

தங்கள் தந்தையார் கண்டது ஆராய்ச்சியாளர்கள் பூட்டும் அடையாளத் தகடு. முற்காலத்தில் பயன்படுத்திய உலோகங்கள் உப்புநீரில் அரித்துப்போயின என்பதால், இப்போது நிக்கல் மிகுந்த இன்கோனெல் என்னும் கலவையிலோ டைட்டானியத்திலோ அதைச் செய்கிறார்கள். அதற்கென்றே உள்ள இடுக்கியால் அழுத்தும்போது, தகட்டின் கூர்முனை துடுப்பின் விளிம்பைத் துளைத்து, மறுபக்கத்தில் உள்ள துளைக்குள் நுழைந்து மடங்கிப் பூட்டிக்கொள்ளும். ஆமை வளர்வதற்கு இடம் விட்டுச் சற்றுத் தளர்வாகவே பூட்டுவார்கள். ஒன்று கழன்று விழுந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று பெரும்பாலும் இரண்டு முன் துடுப்புகளிலும் பூட்டுவது வழக்கம். தகட்டின் ஒரு பக்கத்தில் எண்ணும், மறுபக்கத்தில் தகவல் அனுப்ப வேண்டிய முகவரியும் பொறித்திருக்கும்.

உயிருள்ள ஆமையிடமிருந்து தகட்டைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அந்த ஆமையின் பழைய வரலாறு அந்த நிமிடத்தோடு அறுந்துவிடும். அடுத்த முறை அது எங்கே சிக்கினாலும் பெயரில்லாத ஆமைதான். செய்ய வேண்டியது இவ்வளவே: பாசியைத் துடைத்துவிட்டு இரண்டு பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துடுப்புகளையும் பாருங்கள். கைப்பேசி இல்லையென்றால் அந்த எண்களைப் படகின் உட்பலகையில் கீறிவைத்தாலும் போதும். நாள், இடம், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், என்ன வலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றைக் கழுத்தருகே ஓடு தொடங்கும் இடத்திலிருந்து வால் பக்கத்து முனைவரை ஓட்டின் வளைவோடு படியவைத்து, இரு முனைகளுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டால், கரைக்கு வந்து அதை அளந்து சொல்லலாம். அந்த ஒரு நீளத்தை வைத்தே, தகடு பூட்டிய நாளிலிருந்து ஆமை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அது பேராமைதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: பேராமைக்கு இரு கண்களுக்கும் நடுவே ஒரே ஓர் இணைச் செதில்தான் இருக்கும், பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி) இரண்டு இணைகள் இருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். போர்னியோத் தீவில் உள்ள சரவாக்கில் 1953-இல் டாம் ஹாரிசன் என்னும் ஆராய்ச்சியாளர் மாட்டுக் காதில் போடும் தகடுகளைப் பேராமைகளின் துடுப்பில் பூட்டினார். அதைத் தொடர்ந்து கோஸ்டாரிகாவின் டார்டுகேரோ கடற்கரையில் ஆர்ச்சி கார் என்பவர் தொடங்கிய பணி இன்றுவரை நடந்துவருகிறது. அங்கே தகடு பூட்டிய பேராமைகள் முட்டையிட்டபின் எங்கே மேயப் போகின்றன என்பது எப்படித் தெரியவந்தது? அண்டை நாடான நிகராகுவாவின் கரையோரத்தில் மிஸ்கிட்டோ பழங்குடி மீனவர்கள் தாங்கள் இறைச்சிக்காகப் பிடித்த ஆமைகளின் தகடுகளை அனுப்பிவைத்தார்கள். அதனால்தான் அந்தக் கரையின் கடற்புல் வெளிகள் அவற்றின் பெரிய மேய்ச்சல் நிலம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. தகடு பூட்டியவர் செய்தது பாதி வேலைதான். மறுபாதியைச் செய்தவர்கள் மீனவர்கள். பாக் விரிகுடாவுக்கும் இது அப்படியே பொருந்தும். நம் மீனவர்கள் அச்சத்தால் பேசாமல் இருந்துவிட்டால், எந்தக் கரையில் யார் எத்தனை தகடுகளைப் பூட்டினாலும், அந்த ஆமைகள் இங்கே மேய்ந்த செய்தி எந்த ஏட்டிலும் ஏறாது.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் தகடு பூட்டப்பட்ட பங்குனி ஆமை ஒன்று, 2025-இல் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட வந்தது. கிழக்குக் கரை ஆமை மேற்குக் கரையில் முட்டையிட்டதைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சிறு தகடுதான். ஆனால் அது இலங்கையைச் சுற்றிப் போனதா, நம் கோடியக்கரையைக் கடந்து பாம்பன் வழியாகப் போனதா என்பதைத் தகடு சொல்லாது. புறப்பட்ட இடமும் வந்து சேர்ந்த இடமும் மட்டுமே அதற்குத் தெரியும். நடுவில் யாராவது ஒரு மீனவர் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் பாதையும் தெரிந்திருக்கும்.

கேள்வி: செயற்கைக்கோள் மூலம் ஆமைகளைப் பின்தொடர்கிறார்கள் என்று படித்தேன். ஆமை பெரும்பாலும் நீருக்கடியில் இருக்கும்போது இது எப்படி இயலும்? கருவியை ஒட்டுவதால் அதற்கு வலிக்காதா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் ஐயப்பட்டது சரியே. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. ஆனால் ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம் ஆதலால், சில நொடிகளாவது தலையை மேலே நீட்டியே ஆக வேண்டும். கருவியில் உப்புநீரை உணரும் இரண்டு முனைகள் இருக்கும். அவை நீரில் மூழ்கியிருக்கும்வரை கருவி பேசாமல் இருந்து மின்கலத்தைச் சேமிக்கும்; முதுகு நீருக்கு மேலே வந்ததும் குறிப்பலைகளை அனுப்பத் தொடங்கும்.

அவற்றைப் பெறுவது ஆர்கோஸ் என்னும் ஏற்பாடு. பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 1978-இல் தொடங்கியது இது. பூமியைத் துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் அந்த அலைகளைப் பிடிக்கும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் ஒலித்து, நம்மைக் கடந்தபின் தணிந்து கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுபோலவே, செயற்கைக்கோள் ஆமையை நெருங்கும்போதும் விலகும்போதும் பெறுகின்ற அலைவரிசை சற்றே மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டுத்தான் ஆமை இருக்கும் இடத்தைக் கண்டறிகிறார்கள். ஆமை மிகக் குறுகிய நேரமே மேலே இருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்தச் செயற்கைக்கோள்கள் தலைக்குமேல் கடக்கும் தடவைகள் குறைவு என்பதாலும், கணக்கில் பிழை ஏற்படும். நல்ல கணிப்பில் 250 மீட்டருக்குள் இருக்கும் பிழை, மோசமான கணிப்பில் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும். வங்கக் கடலைக் கடக்கும் ஆமைக்கு இது பொருட்டில்லை. மல்லிப்பட்டினத்துக்கு முன்னால் எந்தத் தாழைத் திட்டில் மேய்கிறது என்று கேட்டால், அந்தப் பிழை விடையையே மாற்றிவிடும். அதற்காகவே நொடியின் சிறு பகுதிக்குள் ஜி.பி.எஸ். அலைகளைப் பதிந்துகொள்ளும் புதிய கருவிகள் வந்துள்ளன. அவற்றின் பிழை பல நேரங்களில் சில பத்து மீட்டர்களே.

வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேராமைக்கு ஓட்டைத் துளைப்பதில்லை. முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பும் பெண் ஆமையை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, ஓட்டின் முன்பகுதியில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளை (ஓடுடைய சிறு கடலுயிர்களை)ச் சுரண்டி எடுப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சாராயக் கரைசலால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் எபாக்சிப் பசையால் கருவியை ஒட்டுவார்கள். பசை இறுகும்போது சூடாகும் என்பதால் தடிமனாகப் பூசாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். கடைசியில் மறுபடியும் கொட்டலசு பற்றாதிருக்க ஒரு வண்ணப்பூச்சு. கருவியின் எடை ஆமையின் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள முதிர்ந்த பேராமைக்கு இதில் சிக்கல் இல்லை. பாக் விரிகுடாவில் மேயும் இளம் ஆமைகளுக்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நீந்தும்போது நீர் அதை எதிர்த்து இழுக்கும் விசையையும் சேர்த்து எண்ண வேண்டும். வனத்துறையின் அனுமதியும் மத்திய அரசின் முன் ஒப்புதலும் இல்லாமல் யாரும் இதைச் செய்ய முடியாது.

சில மாதங்களிலோ ஓராண்டைக் கடந்தோ ஒரு நாள் குறிப்பலை நின்றுவிடும். மின்கலம் தீர்ந்திருக்கலாம், அலைவாங்கிக் கம்பி முறிந்திருக்கலாம், கருவி கழன்றிருக்கலாம், ஆமை இறந்தும் இருக்கலாம். கரையில் ஓர் ஊருக்குள்ளிருந்து இடைவிடாமல் அலை வந்தால் மட்டும், ஆமையை யாரோ பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெளிவாகப் புரிந்துவிடும்.

இந்த முறையின் பயனுக்கு நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. இலங்கையின் தென்கரையில் உள்ள ரெகாவ கடற்கரையில் முட்டையிட்ட பத்துப் பேராமைகளை 2006, 2007 ஆண்டுகளில் செயற்கைக்கோள் மூலம் தொடர்ந்தார்கள். சில ஆமைகள் 60 கிலோமீட்டருக்குள்ளேயே தங்கி மேய்ந்தன. ஐந்து ஆமைகள் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆழமற்ற கரையோர நீர்நிலைகளுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டன. ஒரே கரையில் முட்டையிடும் ஆமைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், முட்டையிடும் கரையை மட்டும் காவல் காப்பது போதாது என்பது தெளிவு. தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் கரைகளில் நமக்குள்ள பொறுப்பு மேய்ச்சல் நிலத்தைக் காப்பதுதான். நம் கிழக்குக் கரையில் முட்டையிடுபவை பெரும்பாலும் பங்குனி ஆமைகளே. பேராமைகள் இங்கே மேய வருகின்றன.

கேள்வி: கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையம் போட்டு விடுகிறார்கள். அதே பகுதியில் வனத்துறையின் பொரிப்பகத்திலிருந்து ஆண்டுதோறும் ஆமைக் குஞ்சுகளையும் விடுகிறார்கள். குஞ்சுகளுக்கே தகடு போட்டால் என்ன?
– பள்ளி ஆசிரியர், வேதாரண்யம்

பதில்: பேராமைக் குஞ்சின் ஓடு சுமார் ஐந்து சென்டிமீட்டர், பங்குனி ஆமைக் குஞ்சு அதைவிடச் சிறியது. தகட்டைத் தாங்கும் துடுப்பு அதற்கு இல்லை. வளரும் வேகத்தில் எதைப் பூட்டினாலும் சதையைக் கிழித்துவிடும். தோலுக்கடியில் செலுத்தும் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக்குழல் சில்லு ஒன்று உண்டு. மின்கலம் இல்லாததால் பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும். படிப்பான் கருவியை மேலே காட்டினால் எண்ணைச் சொல்லும். அதுவும் வளர்ந்த ஆமைக்கே ஏற்றது. மேலும், ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைத்துப் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்லப்படும் உயிரினத்தில், பேராமை முட்டையிடும் பருவத்தை அடையவே இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்வரை ஆகும். இன்று போட்ட தகட்டுக்கு விடை உங்கள் மாணவர்களின் பிள்ளைகள் காலத்தில்தான் வரும். அட்லாண்டிக் கடலில், சில மாதங்கள் வளர்த்த பெருந்தலை ஆமைக் குட்டிகளின் முதுகில் சூரிய ஒளியில் இயங்கும் மிகச் சிறிய கருவிகளை ஒட்டி, அவை திறந்த கடலில் எங்கே அலைகின்றன என்று கண்டறிந்திருக்கிறார்கள். நம் கடலிலும் அது நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: பேராமைகள் தாழையை மேய்ந்து அழித்துவிடுவதால் மீன்வளம் குறைகிறது என்று எங்கள் பகுதியில் சிலர் சொல்கிறார்கள். அவற்றைப் பின்தொடர்வதால் எங்களுக்கு என்ன பயன்?
– மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், மல்லிப்பட்டினம்

பதில்: இந்தக் குறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பேராமைகள் பெருந்திரளாகக் கூடி, கடற்காயலின் புல்வெளியை மேய்ந்து கட்டையாக்கிவிட்டன. அங்குள்ள மீனவர்களும் தங்களைப் போலவே முறையிட்டார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அகத்தியின் காயல் பவளத்திட்டால் அடைபட்ட சிறு நீர்ப்பரப்பு. பாக் விரிகுடா அப்படியன்று. ஆமை இலையின் நுனியைக் கடித்து மேய்கிறது. வேர்க்கிழங்கு மண்ணிலேயே இருப்பதால் புதுத் தளிர் வரும். அளவான மேய்ச்சல் புல்லுக்கு நல்லதே. அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகும் இழுவலை வேரையே பிடுங்கிவிடுகிறது. ஆமை தின்றதையும் இழுவலை அழித்ததையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஆமை எங்கே, எவ்வளவு நேரம், எந்தத் திட்டில் மேய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வாதத்தைத் தீர்க்க முடியும். அதற்குச் செயற்கைக்கோளைவிட ஒலிக்கருவி முறையே நம் கடலுக்கு முதலில் வேண்டும் என்று கருதுகிறேன். ஒலி, வானொலி அலையைப் போலன்றி நீரில் நன்றாகப் பரவும். ஆமையின் ஓட்டில் பொருத்திய சிறு கருவி, நம் காதுக்குக் கேளாத ஒலித்துடிப்பை விட்டுவிட்டு எழுப்பும். கடலடியில் நங்கூரமிட்டு வைத்த கேட்புக் கருவிகள், சில நூறு மீட்டர்களுக்குள் வரும் ஒவ்வோர் ஆமையின் எண்ணையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். ஆமை மேலே வரவேண்டிய தேவையே இல்லை. இரவில் எங்கே உறங்குகிறது, வாடைக்காலத்தில் கடல் கலங்கும்போது எங்கே ஒதுங்குகிறது என்பதெல்லாம் இதனால் தெரியவரும். குறை ஒன்றே: கேட்புக் கருவி இழுவலையில் மாட்டினால் எல்லாம் போயிற்று. எந்த இடத்தில் எந்த வலை எப்போது இழுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் தங்கள் சங்கத்து உறுப்பினர்களே. தங்களைக் கேட்காமல் இடம் குறித்தால் அந்த ஆய்வு ஓராண்டுகூட நிலைக்காது.

2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவும் பேராமையும் உண்பது ஒரே தாழைதான். மீனும் நண்டும் குஞ்சு வளர்ப்பதும் அதே தாழையில்தான். பேராமையின் நடமாட்டத்தை வரைபடத்தில் குறித்தால், எந்தத் திட்டை முதலில் காக்க வேண்டும் என்று அந்த வரைபடமே காட்டும். அதன் பலன் தங்கள் வலைக்கும் வந்து சேரும்.

கேள்வி: பேராமை இப்போது அழியும் நிலையில் இல்லை என்று அறிவித்துவிட்டார்களாமே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஆம். 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், உலக அளவிலான நிலையை "அருகிவருவது" என்பதிலிருந்து "கவலை குறைந்தது" என்று மாற்றியது. பல பத்தாண்டுகளாக முட்டையிடும் கரைகளைக் காத்ததன் பயன் அது. அந்த முடிவுக்குத் துணைநின்றவை ஆண்டுக்கணக்கான முட்டைக்குழிப் பதிவுகள். ஆயினும் அது உலகத்தின் சராசரி. எல்லாக் கடலிலும் பேராமை மீண்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் அதற்குள்ள பாதுகாப்பும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: கரையில் ஒதுங்கிய இறந்த ஆமையின் துடுப்பில் தகடு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாமா?
– மீன் வியாபாரம் செய்யும் வாசகி, பழையார்

பதில்: எடுக்க வேண்டாம், அம்மா. எண்ணையும் மறுபக்கத்து முகவரியையும் படம் எடுத்துவிட்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைத்துவிடாதபடி ஊரில் சொல்லிவைப்பது நல்லது. ஆமை வலையில் மூச்சுத் திணறி இறந்ததா, படகின் உந்துசுழலி வெட்டியதா என்பதை உடலைத் திறந்து பார்த்தால் தெரிய வாய்ப்புண்டு. தகடு இல்லாத ஆமையானாலும் முகத்தின் இரு கன்னங்களையும் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்புங்கள். பேராமையின் கன்னச் செதில்களின் அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. உயிரோடு இருந்தபோது யாராவது எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிட்டு, அது எந்த ஆமை என்று கண்டுபிடிக்க வழியுண்டு.